டெலவேரில் முகவரி, எரியோட்டில் செட்டு

திண்டுக்கல் மாவட்டத்து எரியோட்டைச் சுற்றியுள்ள நூற்பாலை ஒன்றின் பில்லைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஆலையின் பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நீளமான பதிவெண் இருக்கும். எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 21. முதல் எழுத்து, கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலானதா இல்லையா என்று காட்டும். அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகை. ஏழாவதும் எட்டாவதுமாக நிற்கும் இரண்டு எழுத்துகள்தான் கம்பெனியின் பிறந்த ஊர். சென்னைப் பதிவாளரிடம் பதிவானால் ‘டிஎன்’, கோவைப் பதிவாளரிடம் பதிவானால் ‘டிஇசட்’. திண்டுக்கல் மாவட்டம் கோவைப் பதிவாளரின் எல்லைக்குள் வருகிறது. வேடசந்தூர் வட்டத்து எரியோட்டுக்காரருக்கு மதுரைதான் பக்கம். ஆனாலும் அவர் தொடங்கும் கம்பெனிக்குக் கோவை முத்திரைதான் விழும்.

இந்த இரண்டு எழுத்தே வேண்டாம், கம்பெனியைக் கடல் தாண்டிப் பதிந்துகொள்ளலாம் என்ற யோசனை சில ஆண்டுகளாக இளம் தொழில்முனைவோர் காதில் ஓதப்படுகிறது. 2016 பிப்ரவரியில், இணையவழிப் பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் ‘அட்லஸ்’ என்ற சேவையைத் தொடங்கியது. 500 டாலர் கட்டினால் உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஒரு கம்பெனி. பாஸ்போர்ட் இருந்தால் போதும், விசா வேண்டாம், விமானம் ஏற வேண்டாம். அதே வரிசையில் சிங்கப்பூர், துபாய், லண்டன், எஸ்டோனியா என்று கடைகள் திறந்தன. ‘வெளிநாட்டுத் தொழில்முனைவோர்’ என்றதும் இங்கே ஆலை போட வரும் கொரியரையும் ஜப்பானியரையும்தான் நாம் நினைக்கிறோம். டெலவேர் பதிவாளரின் கண்ணுக்கு எரியோட்டுக்காரர்தான் வெளிநாட்டுத் தொழில்முனைவோர்.

அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். முருங்கை இலைத்தூள் ஏற்றுமதி செய்ய நினைக்கும் இளைஞர். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் முருங்கைக்குக் குறைவில்லை. தமிழக அரசு முருங்கை ஏற்றுமதி மண்டலம் என்று அறிவித்த மாவட்டங்களில் திண்டுக்கல்லும் உண்டு. இலையை உருவி, அலசி, நிழல்வலை போட்ட செட்டில் தட்டுத் தட்டாக உலர்த்த வேண்டும். வெயிலில் காய வைத்தால் பச்சை மங்கிவிடும், வெளிநாட்டு வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்த நுணுக்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி. கம்பெனியை எங்கே பதிவது என்பதில்தான் குழப்பம். யூடியூபில் ஒருவர் டெலவேர் என்கிறார், இன்னொருவர் துபாய் என்கிறார், உள்ளூர் ஆடிட்டர் ‘ஏன் தம்பி, கோவைக்கு என்ன குறைச்சல்?’ என்கிறார்.

டெலவேரின் புகழ் வெறும் விளம்பரத்தில் வந்ததல்ல. மக்கள்தொகை பத்து லட்சத்தைச் சுற்றி இருக்கும் அந்தச் சின்ன மாநிலத்தில் பதிவான நிறுவனங்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஆளுக்கு இரண்டு கம்பெனி என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஃபார்ச்சூன் 500 பட்டியலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதுவே பிறந்த வீடு. வில்மிங்டன் நகரில், வடக்கு ஆரஞ்ச் தெரு 1209 என்ற கதவு எண்ணில் ஒரு சாதாரணக் கட்டடம் இருக்கிறது. அந்த ஒரே முகவரியில் ஒரு காலகட்டத்தில் 2,85,000 கம்பெனிகள் பதிவாகியிருந்தன.

இந்தப் பெருமைக்கு முதலில் சொந்தம் கொண்டாடிய மாநிலம் நியூஜெர்சி. 1890களில் அமெரிக்கப் பெருங்கம்பெனிகள் எல்லாம் அங்கேதான் பதிந்தன. டெலவேர் 1899-ல் அதைப் பார்த்துத் தன் சட்டத்தை எழுதிக்கொண்டது. 1913-ல் நியூஜெர்சி ஆளுநராக இருந்த உட்ரோ வில்சன் பெருமுதலாளிகளைக் கட்டுப்படுத்தக் கடுமையான சட்டங்களைக் கொண்டுவர, கம்பெனிகள் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து டெலவேருக்குப் போய்விட்டன. போனவை திரும்பவில்லை.

டெலவேரின் உண்மையான சரக்கு அதன் நீதிமன்றம். 1792 முதல் இயங்கும் சான்சரி நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது. கம்பெனி வழக்குகளிலேயே ஊறிய நீதிபதிகள் நேரடியாகத் தீர்ப்பு எழுதுகிறார்கள். ட்விட்டரை வாங்குகிறேன் என்று கையெழுத்திட்டுப் பின்வாங்கிய எலான் மஸ்க் மீது 2022 ஜூலையில் அங்கே வழக்குப் போடப்பட்டது. அக்டோபரில் விசாரணை என்று நீதிமன்றம் தேதி குறித்தது. விசாரணைக்கு முன்பே மஸ்க் இறங்கி வந்து, அக்டோபர் 27-ல் முழுப் பணத்தையும் கொடுத்துக் கம்பெனியை எடுத்துக்கொண்டார். 44 பில்லியன் டாலர் சண்டை மூன்றரை மாதத்தில் முடிந்தது. நம் ஊரில் பங்காளிகளுக்குள் அரிசி ஆலைத் தகராறு வந்தால் எத்தனை வருடம் வாய்தா வாங்குவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆகவே அமெரிக்க முதலீட்டாளர், பணம் போடும் முன் ‘டெலவேரா?’ என்று கேட்பதில் தவறில்லை. அவருக்குத் தெரிந்த சட்டம், அவருடைய வக்கீலுக்குப் பழகிய ஒப்பந்தப் படிவம். சென்னையில் இதற்கு எடுப்பான உதாரணம் ஃப்ரெஷ்வொர்க்ஸ். திருச்சியில் பிறந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய அந்த மென்பொருள் கம்பெனி டெலவேரில் பதிவானது. 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பங்கு ஒன்று 36 டாலர் விலையில் இறங்கி, ஒரு பில்லியன் டாலருக்கு மேல் திரட்டியது. அன்று ஊழியர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனார்கள். வாடிக்கையாளர் உலகம் முழுக்க, முதலீட்டாளர் அமெரிக்கர், பங்கு விற்பனை நியூயார்க்கில். அந்தக் கணக்கில் டெலவேர் சரியான தேர்வு.

அதே சென்னையில் ஜோஹோவின் கதை வேறு. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அமெரிக்காவில்தான் அதுவும் தொடங்கியது. ஆனால் வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்ததால், எந்த முதலீட்டாளருடைய வசதிக்காகவும் எந்த ஊரிலும் முகவரி வைத்திருக்க வேண்டிய அவசியம் அதற்கு வரவில்லை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் போய் உட்கார்ந்தபோதும் அதன் தொழில் நிற்கவில்லை. இரண்டும் வென்ற கம்பெனிகள்தான். பணம் யார் கையிலிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு. நம் முருங்கைக்காரர் அமெரிக்க முதலீடு தேடுகிறாரா, அமெரிக்க வாடிக்கையாளரைத் தேடுகிறாரா? இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

‘டெலவேரில் பதிந்தால் வரி இல்லை’ என்று சொல்கிறார்களே, அதைக் கொஞ்சம் தாளில் போட்டுப் பார்க்கலாம். மாநிலத்துக்குள் வியாபாரம் செய்யாத கம்பெனிக்கு டெலவேர் மாநில வருமான வரி இல்லை என்பது உண்மை. கூட்டரசின் 21% கம்பெனி வரி எங்கும் போகாது. 100 டாலர் லாபத்தில் 21 போனால் 79. அதை எரியோட்டில் இருக்கும் உரிமையாளருக்கு ஈவுத்தொகையாக அனுப்பினால், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி தனிநபருக்கு 25% பிடித்துக்கொள்வார்கள், மிச்சம் 59.25. இங்கே அவர் 30% அடுக்கில் இருந்தால் செஸ்ஸோடு சேர்த்துக் கணக்கிட்டு, அங்கே பிடித்ததைக் கழித்து, இன்னும் ஐந்து டாலர் போல இங்கே கட்ட வேண்டும். கைக்கு வருவது சுமார் 54. கோவைப் பதிவாளரிடம் பதிந்த இந்தியக் கம்பெனி 22% வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 25.17 போய், ஈவுத்தொகைக்கும் அடுக்குவரி கட்டியபின் கைக்கு வருவது சுமார் 51. நூற்றுக்கு மூன்று டாலர் வித்தியாசம். லாபத்தைச் சம்பளமாக எடுத்துக்கொண்டால் அதுவும் மாறிவிடும். ஆண்டுக்கு 20,000 டாலர் லாபம் பார்க்கும் சின்ன வியாபாரிக்கு இதில் மிஞ்சுவது 600 டாலருக்கும் குறைவு. அமெரிக்க ஆடிட்டரின் கூலிக்கே அது காணாது.

செலவுகள் முன்வாசல் வழியாக வருவதில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மட்டும் உரிமையாளராக இருக்கும் எல்எல்சி வகைக் கம்பெனி, ஒரு சதம்கூட வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும், உரிமையாளரோடு நடந்த கொடுக்கல் வாங்கலை 5472 என்ற படிவத்தில் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர். மாநிலத்துக்கு ஆண்டுக் கட்டணம் 300 டாலர் தனி. அமெரிக்க வரி எண் வாங்கவும் ஒரு கூத்து உண்டு. அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர் இணையத்தில் விண்ணப்பிக்க முடியாது. ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும், அல்லது தொலைபேசியில் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் கம்பெனி என்று விளம்பரம் பார்த்தவர், எரியோட்டில் ஃபேக்ஸ் எந்திரம் தேடி அலைவதை நினைத்துப் பாருங்கள்.

ஸ்டார்ட்அப்புகள் விரும்பும் கார்ப்பரேஷன் வகைக்கு வேறொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. பின்னால் முதலீட்டாளர் வருவார் என்று ஒரு கோடிப் பங்குகளை அனுமதித்துக் கம்பெனியைப் பதிவார்கள். அது வழக்கம்தான். முதல் ஆண்டு முடிந்ததும் டெலவேரிலிருந்து 85,165 டாலருக்கு வரிச் சீட்டு வரும். செட்டில் மொத்த இருப்பே அதில் பாதி தேறாது. பலர் தூக்கம் தொலைத்த பிறகு விஷயம் தெரிய வரும்: அனுமதித்த பங்குகளின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு அது. கம்பெனியின் சொத்து மதிப்பை வைத்து இன்னொரு முறையில் கணக்கிட்டால் தொகை 400 டாலராகச் சுருங்கிவிடும். மார்ச் 1-க்குள் அந்த இரண்டாவது முறையில் கணக்குக் காட்ட வேண்டும் என்பதைப் பதிவு செய்துகொடுக்கும் கடைக்காரர்கள் முதல் நாளில் அழுத்திச் சொல்வதில்லை.

இந்தியப் பக்கம் உள்ள முடிச்சுகள் இன்னும் இறுக்கம். இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டில் கம்பெனி தொடங்கினால், அது 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்குள் வருகிறது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் என்ற தனிநபர் வரம்பு, வங்கி வழியாகப் படிவம், ஆண்டுதோறும் செயல்பாட்டு அறிக்கை எல்லாம் உண்டு. அதைவிட முக்கியம், தன் கட்டுப்பாட்டில் உள்ள வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கீழே துணை நிறுவனம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை. அதாவது, டெலவேரில் தாய்க் கம்பெனி, அதன் கீழ் எரியோட்டில் துணைக் கம்பெனி என்று விளம்பரத்தில் காட்டும் அந்த அழகான படம், எரியோட்டிலேயே குடியிருந்து முழு உரிமையும் வைத்திருப்பவருக்குச் சட்டப்படி ஒத்துவராது. வெளிநாட்டில் குடியேறியவருக்குப் பொருந்தும் ஏற்பாட்டை உள்ளூரில் இருப்பவர் தலையில் கட்டுகிறார்கள். போதாததற்கு, வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அந்தப் பங்கைக் காட்டாமல் விட்டால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போக வழியிருக்கிறது.

கம்பெனி எங்கே பதிவாகியிருந்தாலும், அதன் முக்கிய முடிவுகள் இந்தியாவில் எடுக்கப்பட்டால் அதை இந்தியாவில் குடியிருக்கும் கம்பெனியாகவே கருதி வரி போடப்படும் என்ற விதியும் 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 50 கோடிக்குள் இருப்பவர்களுக்கு அரசு விலக்குத் தந்திருக்கிறது என்பது சின்னவர்களுக்கு ஆறுதல். வளர்ந்தால் அந்த ஆறுதல் போய்விடும்.

இருந்தும் இளைஞர்கள் போவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. வாடிக்கையாளரின் அட்டையிலிருந்து பணம் வாங்கும் வழி. 2024 மே முதல் ஸ்ட்ரைப் இந்தியாவில் அழைப்பு கிடைத்தவர்களுக்கு மட்டுமே புதுக் கணக்குத் திறக்கிறது. மாதச் சந்தாவில் மென்பொருள் விற்பவருக்கு இது பெரிய அடி. அவர் அமெரிக்கக் கம்பெனி வைத்துக்கொள்ள விரும்புவதில் அர்த்தம் இருக்கிறது. முருங்கைத்தூளுக்கு அந்த அவசரம் இல்லை. அமெரிக்க அமேசானில் இந்தியக் கம்பெனி இந்தியப் பதிவோடே விற்கலாம். ஏற்றுமதிப் பணத்தைப் பேபால் இன்னும் கொண்டுவந்து சேர்க்கிறது. மொத்த வியாபாரம் என்றால் வங்கி வழிதான் எப்படியும்.

சரக்குக்கும் முகவரிக்கும் உள்ள உறவைத் தவறாகப் புரிந்துகொள்வதும் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு 50% சுங்க வரி போட்டபோது, அமெரிக்கக் கம்பெனி பெயரில் அனுப்பினால் தப்பிக்கலாமா என்ற கேள்வி எழாமலில்லை. தப்ப முடியாது. சுங்கம் பார்ப்பது சரக்கு எந்த மண்ணில் விளைந்தது, எந்தத் தறியில் ஓடியது என்பதை. எரியோட்டில் உலர்ந்த இலை டெலவேர் லெட்டர்பேடில் போனாலும் இந்திய இலைதான். அதேபோல, உணவுப் பொருள் என்பதால் உற்பத்திக் கூடத்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் பதிந்து, அங்கே ஒரு முகவரையும் நியமிக்க வேண்டும். பதிவாக வேண்டியது செட்டு. டெலவேர் கம்பெனி இருப்பதால் அந்த வேலையில் ஒரு பக்கமும் குறையாது.

அமெரிக்கக் கம்பெனியோடு அமெரிக்க வங்கிக் கணக்கும் கூடவே வரும், அதன் ஆபத்தும் வரும். 2023 மார்ச் 10 அன்று சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தபோது, ஓராயிரம் கோடி கண்ட பெரிய கம்பெனிகளோடு இந்திய ஸ்டார்ட்அப்புகளும் சிக்கிக்கொண்டன. இந்தியர்கள் நடத்தும் நூற்றுக்கணக்கான ஸ்டார்ட்அப்புகளின் பணம் ஒரு பில்லியன் டாலருக்கும் மேல் அங்கே இருந்ததாக அப்போதைய மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் சொன்னார். அமெரிக்க அரசு முழு வைப்புத்தொகைக்கும் உத்தரவாதம் தந்ததால் தப்பினார்கள். அந்த வாரக் கடைசியில் பெங்களூரிலும் சென்னையிலும் பலருக்கு, தங்கள் சம்பளப் பட்டுவாடா கலிஃபோர்னியாவில் ஒரு கட்டடத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது என்று முதல்முறையாக உறைத்தது.

மற்ற ஊர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் உள்ளூர்வாசி ஒருவர் இயக்குநராக இருந்தே ஆக வேண்டும்; ஆள் இல்லாதவர் பெயருக்கு ஒருவரை வாடகைக்கு அமர்த்துகிறார், அவருக்கு ஆண்டுக் கூலி. வரியே இல்லை என்று பெயர் வாங்கிய துபாயில் 2023 ஜூனிலிருந்து 9% கம்பெனி வரி. எஸ்டோனியா 2014 டிசம்பரில் தொடங்கிய மின்-வதிவு அட்டை கேட்க அழகாக இருக்கிறது. லாபத்தைப் பிரித்துக் கொடுக்கும்வரை வரி இல்லை, கொடுத்தால் 2025 முதல் 22%. ஐரோப்பாவுக்குள் மட்டும் தொழில் செய்யும் தனியாள் மென்பொருள்காரருக்கு அது பொருந்தலாம்.

வெளியே போய்ப் பதிந்த பெரிய கம்பெனிகளே இப்போது வரிசைகட்டித் திரும்பி வருகின்றன. இந்தப் பழக்கத்தை எடைபோட இதைவிட நல்ல தராசு இல்லை. ஃபோன்பே 2022-ல் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. பங்குகளைக் கைமாற்றியதில் அதன் முதலீட்டாளர்கள் கட்டிய வரி ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய். ஊழியர்களின் பங்குரிமையும் பழைய கணக்கை விட்டுவிட்டுப் புதிதாக முதல் நாளிலிருந்து எண்ணப்பட்டது. டெலவேரிலிருந்து வந்த பங்கு முதலீட்டுச் செயலி க்ரோ ஏறத்தாழ 1,340 கோடி கட்டியது. 2025 நவம்பரில் இந்தியச் சந்தையில் பட்டியலானது. 2018-ல் வால்மார்ட் 16 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கியபோது சிங்கப்பூர்க் கம்பெனியாக இருந்த ஃப்ளிப்கார்ட்டும் 2025-ல் திரும்பி வர முடிவெடுத்தது. வாடிக்கையாளர் இங்கே, பங்கை நல்ல விலைக்கு வாங்குவோரும் இப்போது இங்கே. நுழைய 500 டாலர் என்று பலகை மாட்டியவர்கள், வெளியேறும் கட்டணத்தை எங்கும் எழுதி வைக்கவில்லை.

அரசும் திருந்தியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். முதலீடு வாங்கிய புதுக் கம்பெனியையே வரி கட்டச் சொன்ன ‘ஏஞ்சல் வரி’ 2012-ல் வந்து பலரை ஓட வைத்தது. 2024 பட்ஜெட்டில் ஒழிந்தது. 2024 செப்டம்பரில், வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி தன் இந்தியத் துணையோடு இணைவதற்கு நீண்ட தீர்ப்பாய நடைமுறை இல்லாத குறுக்குவழி திறந்தது.

இது ஏதோ ஸ்டார்ட்அப் காலத்துப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். திண்டுக்கல், தேனிப் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக வேலைக்கு ஏறிப்போன மூணாறு மலைகளில் இதே கேள்வி நூற்றிருபது வருடத்துக்கு முன்பே இருந்தது. அன்று பிரிட்டனில் பதிந்தால் ‘ஸ்டெர்லிங் கம்பெனி’, இந்தியாவில் பதிந்தால் ‘ரூபாய் கம்பெனி’. ஃபின்லே குழுமம் 1897-ல் அமைத்த கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி முதல் வகை. தேயிலை மூணாற்றில், முதலீடும் பங்குதாரர்களும் பிரிட்டனில். அன்றைய கணக்குக்கு அது சரி. 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்னதும் எல்லாம் தலைகீழானது. தோட்டங்கள் டாடா-ஃபின்லே கைக்குப் போயின. மலையாளம் பிளான்டேஷன்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனியின் வாரிசான ஹாரிசன்ஸ் மலையாளம் கம்பெனிக்கு அதன் நிலத்தில் உரிமை உண்டா என்று கேரள அரசு கிளப்பிய வழக்கு 2018-ல் கூட உயர் நீதிமன்றத்தில் நடந்தது. அரசின் சிறப்பு அதிகாரி போட்ட உத்தரவுகளை நீதிமன்றம் ரத்து செய்தது. முதலாளிகள் போய்ச் சேர்ந்த பிறகும் பதிவு முகவரி வழக்காடிக்கொண்டிருக்கிறது.

டெலவேர் மட்டும் அசையாத மலை என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. டெஸ்லா மஸ்க்குக்கு வகுத்த 56 பில்லியன் டாலர் ஊதியத் திட்டத்தைச் சான்சரி நீதிமன்றம் 2024 ஜனவரியில் செல்லாது என்றது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது, டெஸ்லா அதே ஆண்டு ஜூனில் டெக்சாஸுக்குப் போனது. பயந்த டெலவேர் 2025 மார்ச்சில் பெரும்பங்குதாரர்களுக்குச் சாதகமாகத் தன் சட்டத்தைத் திருத்தியது. நியூஜெர்சிக்கு நடந்தது தனக்கும் நடந்துவிடக் கூடாதே என்ற பதற்றம் அதில் தெரிகிறது.

உள்ளூர்ப் பதிவும் பூப்பாதை இல்லை. வியாபாரம் ஒரு ரூபாய்க்கு நடக்காவிட்டாலும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு ஆண்டுத் தணிக்கை கட்டாயம். ஆண்டறிக்கைப் படிவம் தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், அதற்கு மேல்வரம்பு கிடையாது. 2017-ல் கணக்குத் தாக்கல் செய்யாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள். லட்சக்கணக்கான இயக்குநர்கள் தகுதி இழந்தார்கள். அதில் போலிகள் இருந்தன. ஆசையாகக் கம்பெனி தொடங்கி, தொழில் ஓடாமல் விட்டுவிட்ட அப்பாவிகளும் இருந்தார்கள். வெளிநாட்டுக்காரர் இங்கே வந்து பதிவதென்றால் இன்னும் கூடுதல்: இயக்குநர்களில் ஒருவராவது ஆண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கியவராக இருக்க வேண்டும், பங்கு ஒதுக்கி 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும், 2020 ஏப்ரல் முதல் எல்லை நாடுகளின் பணத்துக்கு முன் அனுமதி வேண்டும். ஆனாலும், 1996-லேயே இங்கே கம்பெனியைப் பதிந்த ஹூண்டாய், 2024 அக்டோபரில் 27,870 கோடிக்கு இந்தியச் சந்தையில் பங்கு விற்றது. தொழிற்சாலை இருங்காட்டுக்கோட்டையில், பதிவு முகவரியும் இருங்காட்டுக்கோட்டையில்.

ஆக, நம் முருங்கைக்காரருக்கு ஆடிட்டர் சொன்னதே பொருந்துகிறது. கம்பெனிப் பதிவுக்கான ஸ்பைஸ் பிளஸ் படிவத்தில் 15 லட்சம் வரை அனுமதி மூலதனத்துக்கு மத்திய அரசின் பதிவுக் கட்டணம் இல்லை. ஏற்றுமதி எண்ணுக்கு 500 ரூபாய். அமெரிக்காவில் சரக்கை இறக்கி விற்க ஆள் வேண்டும் என்றால், நியூஜெர்சியில் அவருக்கு ஓர் அண்ணன் இருந்தால் அந்த அண்ணன் அங்கேயே தன் பெயரில் ஒரு கம்பெனி தொடங்கி இறக்குமதி செய்துகொள்ளட்டும். அவரும் டெலவேருக்குப் போக வேண்டியதில்லை. போனால், அமெரிக்கச் சட்டத்தில் வேறு மாநிலக் கம்பெனிக்கும் ‘அந்நியக் கம்பெனி’ என்றே பெயர், நியூஜெர்சியில் மறுபடி பதிந்து இரண்டு இடத்திலும் கட்டணம் கட்ட வேண்டும். அண்ணனாயிற்றே என்று தூளை அடிமாட்டு விலைக்கு அனுப்பவும் முடியாது. உடன்பிறந்தோர் கம்பெனிகளுக்கு இடையிலான எல்லை தாண்டிய விற்பனைக்குச் சந்தை விலையைக் காட்டி ஆடிட்டர் சான்று தர வேண்டும்.

பதிவுச் சான்று வந்ததும் அவருக்கு மிச்சமிருப்பது பெயர்ப்பலகை வேலை. கம்பெனிச் சட்டத்தின் 12-வது பிரிவு, பதிவு அலுவலகத்தின் வெளியே பெயரையும் முகவரியையும் அந்தப் பகுதி மக்களின் எழுத்திலும் எழுதி மாட்டச் சொல்கிறது. செட்டு வாசலில் ஏணி போட்டாயிற்று. ‘பிரைவேட் லிமிடெட்’ என்பதை ஒரே வரியில் அடக்குவதா, இரண்டாக உடைப்பதா என்று பெயின்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.